மூன்றாவது சுற்றில் நின்ற வண்டி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இத்தனை மாதமாக நான் இதைச் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே பக்கங்களில், இன்னொரு மனிதரின் பெயரில் ஒரு பந்தயக் காரை நூறு மைல் வேகத்தில் ஓட்டி, கடைசிச் சுற்றில் இரண்டு பேரை முந்தி, கோப்பையும் வாங்கிவிட்டேன்.

அந்த மனிதர் ஞானமுத்து மேஸ்திரி. வயது எண்பத்தேழு. சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் நாற்பது வருடம் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அவர் எந்தப் பந்தயத்திலும் கார் ஓட்டியதில்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும். தவறாகக் காதில் விழுந்தது, ஞாபகப் பிசகு என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரிந்தே எழுதினேன்.

என்னைப் பற்றி நான் எழுதுகிற பொய்களை யாரும் கண்டுகொள்வதில்லை. என் மாமனாரைப் பற்றி எழுதிய பொய்களை அவரே ரசித்துப் படித்திருக்கிறார், அவற்றில் அவர் புத்திசாலியாக வருவதால். அந்தத் தைரியத்தில்தான் கை நீண்டது.

எழுந்திருக்காத ஒருவர்

அது வெளிவந்ததற்கு அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு. காலை எட்டரை இருக்கும். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆராதனை முடிந்ததும் மேஸ்திரிக்குப் பாராட்டு, அதில் நான் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். அழைத்தவர் செல்வின். பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஆண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் அவர் வைத்த பேனர் பனைமர உயரம். இணையத்தில் பிடித்த சிவப்புப் பந்தயக் கார் ஒன்று, அதன் மேல் ஒட்டவைத்த மேஸ்திரியின் தலை. கீழே, ‘மோட்டார் பந்தயத்தில் வெற்றிவாகை சூடிய எங்கள் சபையின் மூத்த மகனே!’ தலை காரைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று நற்கருணை. குருவானவர் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஆசீர்வதித்த பிறகு, முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து, பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மின்விசிறிச் சத்தமும் சேலைச் சரசரப்பும் தவிர வேறு ஒலி இல்லை. மல்லிகைப்பூவும் மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாசம்.

மூன்றாவது பெஞ்சு எழுந்தது. மேஸ்திரி எழவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு கணம் காத்திருந்தார்கள். அவர் கால்களை ஓரமாக ஒடுக்கி வழி விட்டார். ஒவ்வொருவராக அவர் முழங்காலை இடிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து போனார்கள். திரும்பி வரும்போதும் அதே மாதிரி. அவர் தலை குனிந்திருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எஸ்தர் டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“முடியலையா அவுகளுக்கு?” என்று செல்வினிடம் கிசுகிசுத்தேன்.

“காலு நல்லாத்தான் சார் இருக்கு. இப்பம்தான் நடந்து வந்தாவ.”

“பின்னே ஏன் போகலை?”

செல்வின் என் காதருகே குனிந்தார். “மனசுல ஏதும் உறுத்தல் இருந்தா போவ மாட்டாவ சார். யாருகூடயாச்சும் சண்டை, இல்லைன்னா ஏதாச்சும் பொய்யி. அத நேராக்கிட்டுத்தான் போவணும். ஆனா மேஸ்திரி போகாம நான் பாத்ததே இல்ல.”

திரும்பி வாசலைப் பார்த்தேன், பேனரின் முதுகு தெரிந்தது.

வளைவு மனிதன் வைப்பது

மேஸ்திரி உண்மையில் என்னிடம் சொன்னது என்ன என்பதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் கயத்தாறு அருகே யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. சின்ன வயதில் விமானம் பார்க்கலாம் என்று நம்பி நானும் என் அண்ணனும் பஸ் ஏறிப் போனோம். காங்கிரீட்டில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். அது காய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்தக் கதையை ஒரு நாள் மேஸ்திரியிடம் சொல்லப் போக, “எங்க தளத்துல ரேஸு நடந்துச்சி தம்பி” என்றார்.

ஐம்பதுகளின் கடைசி, அல்லது அறுபதுகளின் தொடக்கம். அவர் சென்னையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு யுத்த கால ஓடுதளத்தில் வருடத்துக்கு ஒரு முறை கார் பந்தயம் வைப்பார்கள். முதலாளியும் அதில் ஒரு பழைய காரை ஓட்டினார்.

“பிளேனு நேராத்தான போவும். அதுக்கு வளைவு எதுக்கு? வளைவ மனுசன்தான் வைக்கணும். தார் டின்னு, வைக்கோல் கட்டு, இவ்வளவுதான். இங்கன ரெண்டு டின்னு, அங்கன நாலு கட்டு. அது ரோடுன்னு நாம நெனச்சிக்கிடணும். சாயந்திரம் எடுத்திருவாவ. மறுநா மாடு மேயும்.”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம். இன்னும் ஊர் திரும்பாத, தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரைமார் சில பேர், குடை பிடித்த சீமாட்டிகள், மரத்தில் ஏறிய உள்ளூர்க்காரர்கள், மோர்ப்பானையோடு ஒரு கிழவர். கார்களுக்குக் கதவு கிடையாது, சைலன்சர் கிடையாது. உடைந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்க விளக்குகளின் மேல் காகிதத்தைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருப்பார்கள். காங்கிரீட் விரிசலில் முளைத்த புல் சக்கரம் பட்டுப் பட்டுக் கருகும். தூரத்தில் தார் டின்கள் வெயிலில் தண்ணீருக்குள் நிற்பது போல ஆடும்.

“என்ஜினுக்கு வெளக்கெண்ணெ கலந்த ஆயிலு. வண்டி போனா பிள்ளையளுக்குப் பேதிக்குக் குடுக்கிற வாசம் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும் தம்பி. இப்பமும் எங்கயாச்சும் வெளக்கெண்ணெ வாசம் வந்தா காலு தன்னால பெடல மிதிக்கும்.”

முதலாளியின் கார் இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில், எதிர்ப் பக்கத்தில், முக்கி முனகி நின்றுவிட்டது. முதலாளி இறங்கி அந்த வெயிலில் ஓடுதளம் முழுவதும் நடந்து வந்தார். வந்தவர் நேராக, டிரம்மில் பெட்ரோல் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஆளிடம் போய்ச் சட்டையைப் பிடித்தார். தண்ணீர் கலந்து ஊற்றிவிட்டான் என்று கன்னத்தில் ஒன்றும் வைத்தார். கூட்டம் கூடிவிட்டது. போலீஸைக் கூப்பிடு என்றது ஒரு குரல்.

மேஸ்திரிக்குத் தெரியும், தப்பு பெட்ரோலில் இல்லை. முந்தின நாள் வண்டியைக் கொண்டுவரும் வழியில் டேங்க் மூடி எங்கோ விழுந்துபோனது. லாரிக்காரர்கள் செய்வது போலத் துணியைச் சுருட்டி அடைத்தார். மறுநாள் புது மூடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார், மறந்துவிட்டார். நூல் பிரிந்து குழாயில் போய் அடைத்துக்கொண்டது.

“‘மொதலாளி, அந்த ஆள விடுங்க. துணிய அடைச்சது நாந்தான்’னு சொன்னேன்.”

“எல்லார் முன்னாலயுமா?”

“அவன அடிச்சதும் எல்லார் முன்னாலயுந்தான.”

“வேலை?”

“போச்சு. அதான் ஊருக்கு வந்தேன். இங்கன ஷெட்டு போட்டேன்.”

சட்டை கசங்கிய அந்தப் பெட்ரோல்காரர் நன்றி ஒன்றும் சொல்லவில்லையாம். “ஏன்வே, அடி விழுறதுக்கு முந்தி சொல்லிருக்கலாம்லா”ங்கிற மாதிரி பார்த்தாராம். இதைச் சொல்லி மேஸ்திரி சிரித்தார். நானும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே சிரித்தேன்.

எப்படி ஓட்டினேன்

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் ஒரு சங்கடம். வண்டி மூன்றாவது சுற்றிலேயே நின்றுவிடுகிறது. கதாநாயகன் ஓட்டவேயில்லை. சுருட்டிய துணிதான் உச்சக்கட்டம். பத்திரிகை ஆசிரியர் இன்னும் விறுவிறுப்பாகக் கேட்டார் என்று எழுத இப்போது ஆசையாக இருக்கிறது. அவர் எதையும் கேட்கவில்லை.

ஆசை என்னுடையது. நாற்பது வயதில் நான் கார் ஓட்டப் படித்தேன். மூன்றாம் நாள் காலையில், பூ மார்க்கெட் அருகே, பிச்சிப்பூக் கூடைகள் இறக்கிக்கொண்டிருந்த வண்டியின் பின்னால் போய் மெதுவாக முட்டினேன். மெதுவாக என்பது நான் சொல்வது. பூக்காரம்மாள் வேறு வார்த்தை சொன்னார். கற்றுக்கொடுத்தவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டினார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

காகிதத்தில் பூக்கூடை கிடையாது. முதலாளியை வெயிலில் மயங்க வைத்தேன். மேஸ்திரியைக் காருக்குள் ஏற்றினேன். தார் டின்களை உரசிக்கொண்டு திருப்பினேன். ஒலிபெருக்கி அவர் பெயரைக் கத்தியது. தொப்பிகள் பறந்தன. எழுதி முடித்தபோது எனக்கு வியர்த்திருந்தது. பெட்ரோல்காரரை அடித்துவிட்டேன், துணியையும் அடித்துவிட்டேன். அதாவது, பேனாவால்.

இதோடு நின்றிருந்தால்கூட ஓரளவு மனிதன்.

பத்திரிகை வந்த அன்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு நாள். கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். எஸ்தர் டீச்சர் சிவகிரியில் மகள் வீட்டில். “நீங்களே வாசிங்க தம்பி” என்றார் மேஸ்திரி.

வாசித்தேன். ஓடுதளம், வைக்கோல், விளக்கெண்ணெய் எல்லாம் நன்றாகப் போயிற்று. அவர் தலையாட்டினார். மூன்றாவது சுற்று வந்தது. என் கண் அந்தப் பொய்ப் பத்திகளைப் பார்த்தது. வாய் அவற்றைத் தாண்டி அடுத்த பக்கத்தில் போய் இறங்கியது.

மேஸ்திரி தலையைச் சாய்த்தார். ஆயுள் முழுக்க என்ஜின் சத்தம் கேட்ட காது.

“நடுவுல ஏதோ மிஸ் அடிச்ச மாதிரி இருக்கே தம்பி.”

“அச்சுக் கோளாறு மேஸ்திரி” என்றேன்.

அவர் நம்பினார். நம்பிவிட்டுக் காப்பி போட்டுத் தரட்டுமா என்று கேட்டார், கண்ணில் பச்சை மறைப்போடு.

அந்தப் பந்தயக் கோப்பையை வாங்கியதற்கு நான் வெட்கப்பட்டதில் பாதிகூட இந்தக் காப்பிக்கு ஈடாகாது. மன்னிக்கவும், வாக்கியத்தைத் தலைகீழாக எழுதிவிட்டேன். காப்பிக்குத்தான் அதிக வெட்கம். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, குடித்தேன்.

“அன்னைக்கு நல்ல வெயிலு”

மறுபடியும் அந்த ஞாயிறு. பேனரில் இருந்ததைச் செல்வின்தான் வாசலில் மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். “யாருக்குப்பா இது?” என்று கேட்டாராம். “உங்களுக்குத்தான் மேஸ்திரி” என்றதும் நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து, முற்றத்தில் சாமியானா. மேடையில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் பேச எழுந்தபோது எல்லாம் தெரிந்துதான் எழுந்தேன். இரண்டே வரியில் சொல்லியிருக்கலாம். மாறாக ஒரு நகைச்சுவை சொன்னேன். சிரித்தார்கள். இன்னொன்று சொன்னேன். கை தட்டினார்கள். கைதட்டல் ஒரு கெட்ட பழக்கம், பழகியவனுக்கு அதை நிறுத்த மனம் வராது.

பொன்னாடை போட்டார்கள். மேஸ்திரியைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“அன்னைக்கு நல்ல வெயிலு” என்றார். “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.” உட்கார்ந்துவிட்டார்.

அடக்கமானவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

சிவப்புப் பென்சில்

எஸ்தர் டீச்சர் எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்தவர். அடுத்த முதல் ஞாயிற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். கையில் பத்திரிகை. பொய்ப் பத்திகள் முழுக்கச் சிவப்புப் பென்சிலில் அடிக்கோடு. இரண்டு சந்திப்பிழைகளையும் போகிற போக்கில் திருத்தியிருந்தார்.

“உக்காருங்க டீச்சர்.”

“உக்கார வரல. நேத்து இத அவுகளுக்கு முழுசா வாசிச்சேன். விட்டு வாசிச்சியாமே நீ?”

இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்தேன்.

“இந்த ஞாயித்துக்கிழமையும் போவ மாட்டேங்காவ. பொய்யிக்குப் பொன்னாடை வாங்கிட்டு எப்படி முட்டுப் போடன்னு கேக்காவ. ‘நீங்களே சபை ஐயர்ட்ட சொல்லிருங்களேன்’னேன். அதுக்கும் மாட்டேங்காவ. சொன்னா அந்தத் தம்பி பேரு கெட்டுப்போவுமாம்.” மூச்சு வாங்கினார். “ஒன் பேரக் காப்பாத்த அவிய பெஞ்சுல உக்காந்திருக்காவ. அவுகளுக்கு எண்பத்தேழு வயசாச்சு, சங்கரலிங்கம். இன்னும் எத்தன மொத ஞாயிறு இருக்கும்னு நெனைக்க?”

“அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டுடறேன் டீச்சர்.”

“அது எப்பம் வரும்?”

“மூணு வாரம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை எட்டாம் வகுப்பில் பார்த்ததுதான். பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை குருவானவரிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். ஆராதனைக்கு முன்னால் கொடுத்தார். முந்தின நாள் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் நாலு இடத்தில் சிரிப்பு வரும். சட்டைப்பையில் கை விட்டேன், பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

“நான் எழுதினது பொய். மேஸ்திரி கார் ஓட்டவில்லை. அந்தக் கார் ஜெயிக்கவும் இல்லை, மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது. அவர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னார். நான்தான் மாற்றினேன். அவரிடம் வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். போன மாதம் முற்றத்து மேடையிலும் மறைத்தேன். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.”

இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது பெஞ்சில் மேஸ்திரி முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“ஒண்ணு விட்டுட்டிய தம்பி. டேங்குல துணிய அடைச்சது நாந்தான். அதயும் சொல்லிருங்க.”

“சொல்லியாச்சு மேஸ்திரி, இப்ப நீங்களே” என்றார் குருவானவர். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மூன்றாவது பெஞ்சு எழுந்தபோது அவரும் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் கை நீட்டினார், அவர் பிடிக்கவில்லை. பீடத்துக்கு முன்னால் முட்டுப் போட அவருக்கு நேரம் எடுத்தது. குருவானவர் பாத்திரத்தோடு காத்து நின்றார். நான் கடைசி பெஞ்சில் என் மூன்று பக்கங்களை எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது மேஸ்திரி என்னிடம் வந்தார். அந்தப் பொன்னாடையைப் பையில் கொண்டுவந்திருந்தார், செல்வினிடம் திருப்பிக் கொடுக்க. “வரட்டுமா தம்பி” என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செல்வின் பொன்னாடையை மடித்துக்கொண்டு நின்றார். ஊரை இப்படி ஏமாற்றியவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். நானே தொடங்கினேன்.

“உங்களையெல்லாம் நம்ப வச்சதுக்கு ரொம்ப வருத்தப்படுதேன் செல்வின்.”

“யாரு சார் நம்புனா?” என்றார் செல்வின். “மேஸ்திரி ரிப்பேர் பாத்த வண்டிய டிரையலுக்கு ஓட்டிட்டு வருவாவ. பின்னால வார மாட்டு வண்டிக்காரன் சத்தம் போடுவான், வழி விடுங்கன்னு. ஊரே பாத்திருக்கு. நீங்க எழுதுனத நாங்க வாசிச்ச அன்னைக்கே சிரிச்சோம்.”

“பின்னே எதுக்கு அவ்வளவு பெரிய பேனர்?”

“எழுதுனது நம்ம ஊர்க்காரர்லா சார். யாராச்சும் ஒருத்தராவது நம்புன மாதிரி இருக்கணும்லா.”